மலம் அடக்க முடியாதவர்களுக்கு: இடுப்புத் தளத் தசைகளைப் பழக்குவது எப்படி?

மலக்கசிவுக்காக என்னிடம் வருபவர்களில் பலர், அதைச் சொல்வதற்கு முன் வேறு எதையாவது சொல்வார்கள். முதுகு வலி, முழங்கால் வலி, மூலம் இருக்கிறதோ என்ற சந்தேகம். பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில்தான் குரலைத் தாழ்த்தி, "இன்னொன்றும் இருக்கிறது" என்பார்கள். உண்மையில் அந்த இன்னொன்றுக்காகத்தான் வந்திருப்பார்கள்.

இடுப்புக்கூட்டின் அடியில் விரிந்து உள்ளுறுப்புகளைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பிசியோதெரபியே என் அன்றாட வேலை. முதல் சந்திப்பிலேயே நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: இது சுத்தக்குறைவு அல்ல. மன உறுதி இல்லாததாலும் வருவதல்ல. வயதானால் பொறுத்துக்கொள்ள வேண்டியதும் அல்ல. தசை, நரம்பு, உணர்வு மூன்றும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில் எங்கோ தடங்கல் ஏற்பட்டிருக்கிறது. பலருக்கு அதைப் பயிற்சியால் பெருமளவு சரிசெய்ய முடியும். ஆனால் "இறுக்கிப் பிடியுங்கள்" என்ற ஒற்றை அறிவுரை போதாது. மலம் வந்து நிற்பதை உணர வேண்டும். சரியான நேரத்தில் இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் முழுமையாகத் தளர்த்தவும் வேண்டும். இம்மூன்றில் எது உங்களிடம் குறைகிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது.

பயிற்சிக்கு முன் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம், வயிற்றில் கட்டி இவற்றில் ஏதேனும் இருந்தால் காரணம் தெரியும்வரை உடற்பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போய், கால் பலவீனமோ சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வதோ சேர்ந்து வந்தால், அது முதுகுத்தண்டின் கீழே நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே, அந்த மணியிலேயே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

உள்ளே நடப்பது என்ன?

ஆசனவாயில் இரண்டு சுருக்குத் தசைகள் உண்டு. உள் தசை தானாக இயங்குவது. நீங்கள் தூங்கும்போதும் அது மூடியே இருக்கும். உங்கள் சொல்லை அது கேட்காது. வெளித் தசை உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது. இவற்றுக்கு மேலே, இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து புறப்பட்டு மலக்குடலின் பின்புறமாகச் சுற்றி மறுபடி முன்னால் வந்து சேரும் ஒரு தசை இருக்கிறது. கவண் வாரைப் போல அது மலக்குடலை முன்னோக்கி இழுத்துப் பிடிப்பதால், ஆசனவாயின் மேல்முனையில் ஏறக்குறைய 90 பாகைக்கு ஒரு வளைவு உண்டாகிறது. மலம் நழுவாமல் நிற்பதில் இந்த வளைவுக்குப் பெரிய பங்கு. மலம் கழிக்க உட்காரும்போது இந்தத் தசை தளர்ந்து வளைவு நேராக வேண்டும். வெளித் தசையையும் இந்த வார்த் தசையையும் பயிற்சியால் பலப்படுத்த முடியும். உள் தசையை அப்படிச் செய்ய முடியாது. ஆனால் சுற்றியிருப்பவை பலமாகும்போது அதன் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

பிரசவத்தில், குறிப்பாக ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில், சுருக்குத் தசை வரை கிழிந்திருந்தால் அதன் விளைவு சிலருக்கு மாதவிடாய் நின்ற பிறகுகூட வெளிப்படும். ஆண்டுக்கணக்கில் முக்கி முக்கிக் கழிப்பது, மூலம் அல்லது பௌத்திர அறுவை சிகிச்சை, இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு, நீரிழிவால் நரம்பு பழுதாவது, பக்கவாதம், பார்க்கின்சன் நோய் எல்லாமே காரணங்களாகலாம். ஆண்களுக்கும் வரும். அவர்கள் இன்னும் தாமதமாகத்தான் வாய் திறக்கிறார்கள்.

உங்கள் கசிவு எந்த வகை என்று பாருங்கள். அவசரம் தெரிகிறது, ஆனால் கழிப்பறை வரை தாங்கவில்லை என்றால், பெரும்பாலும் வெளித் தசையின் பலவீனம் அல்லது மலக்குடலின் அதீத உணர்ச்சி. தெரியாமலே உள்ளாடையில் பட்டுவிடுகிறது என்றால், உள் தசையின் தளர்ச்சியோ உணர்வுக் குறைவோ இருக்கலாம். கழித்துவிட்டு வந்து சிறிது நேரத்தில் கசிகிறது என்றால், மலம் முழுதாக வெளியேறவில்லை. இவற்றுக்கு அப்பால், எளிதில் கவனத்துக்கு வராத நான்காவது வகை ஒன்று உண்டு. குடலில் மலம் கெட்டியாக அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர்த்த மலம் வழியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மாத்திரை சாப்பிட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். முதியவர்களைக் கவனித்துக்கொள்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குக் குறிப்பு எழுதுங்கள். எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், மலம் எப்படி இருந்தது. மலத்தின் தன்மையைக் குறிக்க 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை உதவும். முதல் வகை தனித்தனி உருண்டைகள். ஏழாம் வகை வெறும் நீர். வழவழப்பான நீள் உருளையாக வரும் நான்காம் வகைதான் நமக்கு வேண்டியது. எந்த மருத்துவக் கருவிக்கும் குறையாத தகவலை இந்த ஒரு வாரத் தாள் எனக்குத் தந்துவிடும்.

தசையைக் கண்டுபிடித்தல்

இந்தப் பயிற்சியைப் பலரும் "கீகல்" என்கிறார்கள். ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் 1948இல் வெளியிட்ட கட்டுரையால் வந்த பெயர் அது. அவர் வெறுமனே "சுருக்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. தசை சுருங்கும்போது அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியைத் தந்து, அதைப் பார்த்துக்கொண்டே செய்யச் சொன்னார். பெயர் பரவிய அளவுக்கு அந்தக் கருவி பரவவில்லை. அதனால்தான் ஏராளமானவர்கள் தவறான தசையை மாதக்கணக்கில் இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். அல்லது பக்கவாட்டில் படுங்கள். இரண்டு முறை நிதானமாக மூச்சு விடுங்கள். வயிறு மேலெழும்பித் தணியட்டும். இப்போது, பலர் நடுவே உட்கார்ந்திருக்கும்போது வாயு பிரிய வருகிறது, அதைத் தடுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு ஆசனவாயை மட்டும் மூடுங்கள். மூடியதை அப்படியே உள்ளே, மேலே இழுங்கள். மூடுவதும் தூக்குவதும் சேர்ந்தால்தான் ஒரு சுருக்கம் முழுமையாகும். சிறுநீர்ப் பிரச்சினைக்காகச் செய்பவர்கள் முன்பக்கத்தில் கவனம் வைப்பார்கள்; நீங்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சரியாகச் செய்கிறோமா என்று எப்படி அறிவது? ஒரு கையை வயிற்றில் வையுங்கள். அது புடைக்கக் கூடாது. இன்னொரு கையைப் பிட்டத்தில் வையுங்கள். அது கல்லாக இறுகக் கூடாது. தொடைகள் ஒன்றையொன்று நெருக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணுங்கள், எண்ண முடிகிறது என்றால் மூச்சைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கால்களுக்கு இடையே கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், ஆசனவாய் சுருங்கி உள்ளே போவது தெரிய வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் இறுக்கவில்லை, முக்குகிறீர்கள். உடனே நிறுத்துங்கள். அப்படியே தொடர்ந்தால் பலன் இல்லாதது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு.

எல்லோருக்கும் தசை தளர்ந்திருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிலருக்கு இடுப்புத் தளம் எப்போதும் இறுகியே கிடக்கும். மலம் கழிக்கச் சிரமம், முழுதாகப் போகாத உணர்வு, இடுப்புக்குள் வலி, உடலுறவில் வலி இவை இருந்தால் அப்படி இருக்கலாம். ஏற்கெனவே களைத்துப்போன தசையை மேலும் இறுக்கச் சொல்வது அநியாயம். அவர்களுக்கு மூச்சோடு சேர்த்துத் தளர்த்தும் பயிற்சிதான் முதலில். உங்களுக்கு எது என்று சந்தேகமிருந்தால் நேரில் பரிசோதித்துக்கொள்ளாமல் இறுக்கும் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

தினசரிப் பயிற்சி

நான் பெரும்பாலும் மூன்று விதமான சுருக்கங்களைச் சேர்த்துக் கொடுப்பேன். முதலாவது, முழு பலத்துடன் இறுக்கி ஐந்து விநாடி பிடித்து, பத்து விநாடி முழுதாகத் தளர்த்துவது. இதை ஐந்து முறை. ஐந்து விநாடி முடியாதவர்கள் இரண்டில் தொடங்கட்டும். மூன்றாவது விநாடியில் பிடி நழுவுவது தெரிந்தால் உங்கள் அளவு இரண்டு. அதை ஏற்றுக்கொண்டு வாரவாரம் ஒன்றைக் கூட்டலாம். பத்து விநாடி வரை போகலாம். இரண்டாவது, பாதி பலத்தில் இறுக்கி முடிந்தவரை நீண்ட நேரம் பிடிப்பது. அன்றாட வாழ்க்கையில் உண்மையில் உதவுவது இதுதான். வெளித் தசையை முழு பலத்துடன் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பாதி பலத்தில் அதைவிட அதிக நேரம் தாங்கும். மூன்றாவது, சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது, ஐந்து முறை. இருமல், தும்மல், திடீர் அவசரம் ஆகியவற்றுக்கு இந்த வேகம் தேவை.

இம்மூன்றும் சேர்ந்தது ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. முதலில் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. நிற்கும்போதும் நடக்கும்போதும்தான் பெரும்பாலும் கசிகிறது. ஆகவே படுக்கையில் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. கனமான பொருளைத் தூக்குவதற்கு முன், நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், இருமுவதற்கு முன் ஒரு சுருக்கம் என்று பழகிக்கொள்ளுங்கள்.

தளர்த்தும் விநாடிகளைத் திருடாதீர்கள். அவசர அவசரமாக இறுக்கி, பாதி தளர்ந்த நிலையிலேயே மறுபடி இறுக்குபவர்களுக்குத் தசை களைத்துப்போகும். சிலர் ஆர்வத்தில் நாள் முழுக்கச் செய்துவிட்டு, மாலையில் கசிவு அதிகமாகிவிட்டது என்று வருத்தப்படுவார்கள். அது பயிற்சியின் தோல்வி அல்ல, களைப்பு. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தசையில் மாற்றம் தெரியும். சிலருக்கு ஆறு மாதம் ஆகும். இந்தக் கால அளவை முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன். மூன்றாம் வாரத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுபவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

அவசரம் வரும்போது ஓடாதீர்கள்

கழிப்பறையை நோக்கி ஓடுவது இயல்பான பதற்றம்தான். ஆனால் ஓடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. கவனம் தசையிலிருந்து கதவுக்குப் போய்விடுகிறது. கதவுக் கைப்பிடியைத் தொடும் நேரத்தில் தவறிவிடுவது பலருடைய அனுபவம்.

மலம் மலக்குடலுக்குள் இறங்கியதும் அதன் சுவர் விரிந்து உந்துதல் எழுகிறது. அந்த உந்துதல் ஏறி, உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கும். ஏனெனில் சுவர் சற்று நெகிழ்ந்து மலத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறது. நீங்கள் கடக்க வேண்டியது அந்த உச்சத்தை மட்டுமே. உந்துதல் வந்ததும் இருந்த இடத்தில் நில்லுங்கள். முடிந்தால் உறுதியான ஒரு நாற்காலியில் உட்காருங்கள். பாதி பலத்தில் இறுக்கிப் பிடியுங்கள். வாயால் மெல்ல மூச்சு விடுங்கள். நழுவுவதுபோல் இருந்தால் சட்டென்று நான்கைந்து முறை இறுக்கி, மறுபடி பாதிப் பிடிக்கு வாருங்கள். வேகம் தணிந்ததும் எழுந்து நிதானமாக நடங்கள். வழியில் மறுபடி எழுந்தால் மறுபடி நில்லுங்கள்.

இதைத் தெருவில் சோதித்துப் பார்க்க வேண்டாம், கழிப்பறையிலேயே பழகுங்கள். உட்கார்ந்த பிறகு உடனே போகாமல் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அடக்குங்கள். அது எளிதானதும் இரண்டு, பிறகு ஐந்து, பிறகு பத்து நிமிடம். உட்கார்ந்திருக்கும் இடம் பாதுகாப்பானது என்பதால் பயம் இல்லை. பயம் இல்லாதபோது தசை கற்றுக்கொள்கிறது. பிறகு கழிப்பறையின் உள்ளேயே நின்றுகொண்டு, அதன்பின் வாசலுக்கு வெளியே, பிறகு பக்கத்து அறையில் என்று தூரத்தைக் கூட்டுங்கள். அவசரக் கசிவு இருப்பவர்களுக்கு நான் மிகவும் நம்பித் தரும் பயிற்சி இது. தசையோடு தன்னம்பிக்கையும் வளர்வது முகத்திலேயே தெரியும். மலச்சிக்கல் இருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அவர்கள் உந்துதல் வந்ததும் போய்விட வேண்டும்.

மலம் முழுதாக வெளியேறுவதும் கட்டுப்பாட்டின் ஒரு பகுதிதான். சாப்பிட்ட பிறகு குடல் இயல்பாகவே சுறுசுறுப்படையும். காலை உணவுக்குப் பின் 20 அல்லது 30 நிமிடத்துக்குள் உட்கார்வது பலருக்கு ஒத்துவரும். நாற்காலிபோல் உட்காரும் கழிப்பறையாக இருந்தால் காலடியில் ஒரு சிறு பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டபடி வயிற்றை முன்னால் விரியவிடுங்கள். முக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். முடிந்ததும் இரண்டு மூன்று முறை இறுக்கி விடுங்கள். எழுந்து சில அடி நடந்து மறுபடி உட்கார்ந்து பாருங்கள். கழித்தபின் கசியும் வகைக்கு இது நல்ல பலன் தரும்.

தசை எவ்வளவு பலமானாலும் நீர்போன்ற மலத்தை அடக்குவது கடினம். ஆகவே மலத்தைக் கெட்டிப்படுத்துவது பயிற்சிக்குச் சமமான வேலை. இசப்கோல் நீரை உறிஞ்சி மலத்துக்கு உருவம் தரும். சிறிதாகத் தொடங்குங்கள், எப்போதும் நீரில் கலந்தே குடியுங்கள், உலர்ந்த பொடியாக விழுங்காதீர்கள். காபி, மது, செயற்கை இனிப்பு சேர்ந்த மிட்டாய்கள், பாலில் உள்ள சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பால் ஆகியவை மலத்தை இளக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல், குறிப்புத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், மக்னீசியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்துகள், ஆன்டிபயாடிக் ஆகியவையும் இளக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோப்பரமைடு மாத்திரை பலருக்கு உதவும், ஆனால் அதுவும் அவர் சொல்லும் அளவில்தான்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். முதலில் பேசுவோம், நிறையப் பேசுவோம். பிறகு, நீங்கள் சம்மதித்தால் மட்டும், பக்கவாட்டில் படுத்து, துணியால் மூடிய நிலையில், கையுறை அணிந்த ஒரு விரலால் பரிசோதனை. உங்களுடன் ஒருவர் துணைக்கு இருக்கலாம். எந்த நொடியிலும் "போதும்" என்று சொல்லலாம். தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவோம்; எத்தனை விநாடி பிடிக்கிறீர்கள், முழுதாகத் தளர்கிறதா என்றும் பார்ப்போம். உங்கள் பயிற்சி எண்ணிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது.

பயோஃபீட்பேக் என்பது ஆசனவாயில் ஒரு மெல்லிய உணரியும் வயிற்றின்மேல் ஒட்டும் உணரியும் வைத்து, தசையின் இயக்கத்தைத் திரையில் கோடுகளாகக் காட்டுவது. நெடுநாளாகப் பயிற்சி செய்தும் பலனில்லை என்று வந்த ஒரு பெண்மணியிடம் இறுக்கச் சொன்னேன். வயிற்றுக்கான கோடு எகிறியது. ஆசனவாய்க்கான கோடு தரையோடு கிடந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை விட்டபடி மெல்லச் செய்யச் சொன்னதும் கீழ்க்கோடு சற்றே எழுந்தது. "இதுவா?" என்றார். அவ்வளவு சிறிய அசைவுதான் தேவை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

உணர்வுக் குறைவு இருப்பவர்களுக்கு மலக்குடலில் ஒரு சிறு பலூனை வைத்து மெல்லக் காற்றேற்றுவோம். முதன்முதலில் உணரும்போது சொல்ல வேண்டும், அதே கணத்தில் இறுக்க வேண்டும். பிறகு காற்றைக் குறைத்துக்கொண்டே வந்து, இன்னும் சிறிய அளவையும் உணரப் பழக்குவோம். சிறிதளவு மலத்துக்கே தாங்க முடியாத அவசரம் வருபவர்களுக்கு இதையே தலைகீழாக, அளவைக் கூட்டிக்கொண்டே போய்ச் செய்வோம்.

இதற்கிடையில் தோலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கசிவுக்குப் பின் வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பை மெல்லியதாகப் பூசலாம். வாசனை சேர்த்த ஈரத் துடைப்பான்கள் எரிச்சலைக் கூட்டும். வெளியே போகும்போது மாற்று உடை, பஞ்சுப் பட்டை, மூடக்கூடிய பை மூன்றும் இருக்கும் ஒரு சிறு பையை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துச் செல்வது தோல்வி அல்ல. அது கையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே திருமணங்களுக்கும் பயணங்களுக்கும் மறுபடி போகத் தொடங்கியவர்கள் என்னிடம் உண்டு.

முன்னேற்றத்தை அளக்க 0 முதல் 20 வரை போகும் வெக்ஸ்னர் மதிப்பெண் முறை இருக்கிறது. கெட்டி மலம், நீர்த்த மலம், வாயு எவ்வளவு அடிக்கடி கசிகின்றன, பட்டை அணிகிறீர்களா, வாழ்க்கைமுறை மாறியிருக்கிறதா என்று ஐந்து கேள்விகள். தொடக்கத்தில் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் எண் குறையவில்லை என்றால், சுருக்குத் தசையில் கிழிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டும், அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி சோதனையும் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தசையைத் தைத்துச் சரிசெய்வது, முதுகின் கீழ்ப்பகுதி நரம்புக்கு மின்தூண்டல் கருவி பொருத்துவது, குடலை நீரால் கழுவும் முறை என அடுத்த வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இடுப்புத் தளப் பயிற்சியை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா, எப்போது மறுபடி தொடங்கலாம் என்று சிகிச்சைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.